நாளெல்லாம் உடன் நடந்த கருவி

மனிதர் சிலரின் பெயர்கள் காலப்போக்கில் பொருட்பெயர்களாகி விடுகின்றன. டீசல் என்று சொல்லும்போது ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளரை நாம் நினைப்பதில்லை. வோல்ட் என்று சொல்லும்போது இத்தாலிய அறிஞர் வோல்ட்டா நம் நினைவுக்கு வருவதில்லை. அந்த வரிசையில் சேர்ந்துவிட்ட மற்றொரு பெயர் ஹோல்ட்டர். நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது, காரணமின்றி மயக்கம் வருகிறது என்று சொல்லிச் செல்வோரிடம், "ஒரு நாள் ஹோல்ட்டர் வைத்துப் பார்க்கலாம்" என்று மருத்துவர் கூறுவது இன்று நம் ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. மார்பில் சில மின்முனைகளை ஒட்டி, இடுப்பிலோ தோளிலோ ஒரு சிறு பெட்டியை மாட்டி அனுப்புவார்கள். எதையோ பிடித்துக்கொண்டிருப்பதால் அதற்கு 'ஹோல்டர்' என்று பெயர் வந்ததாகப் பொருள் கொள்வோர் நம்மிடையே பலர் உண்டு. உண்மையில் அது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹெலனா என்னும் மலைநகரத்தில் பிறந்து அங்கேயே உழைத்த ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

அவருடைய கதைக்குள் புகுமுன், அவர் எதிர்கொண்ட சிக்கல் எத்தகையது என்பதை நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் படுக்க வைத்து எடுக்கப்படும் ஈ.சி.ஜி. ஏறக்குறைய 10 வினாடி நேரத்துத் துடிப்புகளைப் பதிவு செய்கிறது. ஒரு நாளில் அத்தகைய 10 வினாடிப் பகுதிகள் 8,640 உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பார்த்துவிட்டு ஏனைய 8,639-ஐ ஊகிக்க வேண்டிய நிலையில் மருத்துவர் இருந்தார். நிமிடத்திற்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு இலட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. அதன் தாளம் பிசகுவது படியேறும் வேளையில் இருக்கலாம். சண்டையிட்டுச் சினந்த வேளையில் இருக்கலாம். நள்ளிரவு உறக்கத்தில் இருக்கலாம். மருத்துவரின் முன் அமைதியாகப் படுத்திருக்கும் அந்தச் சில வினாடிகளில் மட்டும் அது ஒழுங்காகத் துடித்துக் காட்டும். "உமக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. தம் உடல் தமக்குச் சொன்னதை மெய்ப்பிக்க அவர்களிடம் சான்று ஏதும் இருக்கவில்லை.

இதயம் துடிக்கும்போது நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது என்பதும், அதைத் தோலின் மேலிருந்தே அளக்கலாம் என்பதும் 19-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டன. 1887-இல் இலண்டன் புனித மரியா மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஜிம்மி என்ற தம் புல்டாக் நாயின் கால்களை உப்புநீர்க் கலங்களில் நிற்க வைத்து அவர் அதன் இதயத் துடிப்பைக் காட்டியதும், 1909-இல் இராயல் சங்கத்தில் நடந்த அக்காட்சியைக் குறித்து, நாயை வதைத்தனரோ என்று பிரித்தானிய நாடாளுமன்றத்திலே கேள்வி எழுந்ததும் அறிவியல் வரலாற்றின் சுவையான பக்கங்கள். நாய் உப்புநீரில் நின்றதேயன்றி வேறு துன்பம் எதையும் பட்டதில்லை.

வாலரின் கருவி துல்லியமற்றது. அதைத் துல்லியமாக்கியவர் ஜாவாத் தீவில் பிறந்து ஹாலந்தின் லெய்டன் நகரில் பேராசிரியராக விளங்கிய வில்லெம் ஐன்தோவன். வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் காந்தப்புலத்தினிடையே தொங்கவிட்டு, இதய மின்னோட்டத்திற்கேற்ப அது அசைவதை ஒளிப்படமாக்கினார். இன்றும் மருத்துவர்கள் சொல்லும் பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துக்கள் அவர் இட்டவை. 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அக்கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளியை அதனிடம் கொண்டு வரலாமேயன்றி அதை நோயாளியிடம் கொண்டு செல்ல முடியாது. ஆகவே 1905-இல் ஐன்தோவன் வேறொரு வழி கண்டார். மருத்துவமனைக்கும் தம் ஆய்வகத்திற்கும் இடைப்பட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவைத் தொலைபேசிக் கம்பியால் இணைத்து, அங்கே துடித்த இதயத்தை இங்கே வரைந்தார். முதல் சோதனைக்கு உட்பட்டவர் நல்ல உடல்நலம் வாய்ந்த ஒருவர். ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்குச் சைக்கிள் மிதித்துச் சென்றதால் அவருடைய வரைபடத்தில் அலைகள் உயர்ந்து தெரிந்தன என்று கருதப்பட்டது. உழைக்கும் இதயம் ஓய்விலிருக்கும் இதயத்தைப் போன்றதன்று என்னும் செய்தி அந்த முதற்பதிவிலேயே ஒளிந்திருந்தது. அதைத் தொடர்ந்து சென்று பார்க்க அக்காலத்தில் கருவி இல்லை.

நார்வே நாட்டிலிருந்து குடியேறிய ஆன்டன் ஹோல்ட்டர் என்பவர் மொன்டானாவில் மரவாணிபமும் இரும்புச் சாமான் வாணிபமும் நடத்திப் பொருளீட்டினார். 1864-இல் பொன் கண்டெடுக்கப்பட்டதால் உருவான ஊர் ஹெலனா. அவருடைய பேரன்தான் நார்மன் ஜெஃபரிஸ் ஹோல்ட்டர். 1914 பிப்ரவரி முதல் நாளில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் பயின்றது ஹெலனாவின் கரோல் கல்லூரியில். அது அந்நகர மறைமாவட்டத்தின் கல்லூரி. 1909-இல் ஆயர் ஜான் பேட்ரிக் கரோல் நிறுவியது. முதலில் புனித சார்லஸ் மலைக் கல்லூரி எனப் பெயர் பெற்று, 1932-இல் நிறுவியவரின் பெயரைத் தாங்கியது. பின்னர் ஹோல்ட்டர் கலிஃபோர்னியாவுக்குச் சென்று வேதியியலிலும் இயற்பியலிலும் பட்டங்கள் பெற்றார். அவர் மருத்துவர் அல்லர் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் இயற்பியலாளராகப் பணிபுரிந்து கடலலைகளை ஆய்ந்தார். கரையில் படைகளை இறக்குவதற்கு அலைகளின் போக்கை அறிவது இன்றியமையாதது. 1946-இல் பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவுக்கூட்டத்தில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியபோது, வெடிப்பினால் எழும் அலைகளை அளக்கும் குழுவிற்கு அவர் தலைமை தாங்கினார். அச்சோதனைக்காகத் தம் தாயகத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட பிகினி மக்கள் 167 பேர். அவர்களுடைய துயரம் தனி வரலாறு. அது இன்றுவரை தீரவில்லை. அடுத்த ஆண்டே ஹோல்ட்டர் ஊர் திரும்பித் தம் பெயரால் ஓர் ஆய்வு அறக்கட்டளையை நிறுவி மனித உடலின் மெல்லிய மின்னலைகளை ஆராயத் தொடங்கினார். அணுகுண்டைக் கண்டு மனம் மாறினார் என்று கதை கட்டுவது எளிது. அதற்கு ஆதாரம் நம்மிடம் இல்லை. ஆகவே அவ்வாறு எழுத நாம் முற்படவில்லை. போருக்கு முன்பே அவருடைய மனம் இத்துறையில் ஈடுபட்டிருந்தது என்பதே உண்மை. லாஸ் ஏஞ்சல்ஸில் உளவியல் பேராசிரியராயிருந்த ஜோசப் கெங்கரெல்லி என்பவருடன் சேர்ந்து, கம்பியால் தொடாமல் தொலைவிலிருந்தே ஓர் உயிரியின் நரம்பைத் தூண்ட இயலுமா என்று அவர் முன்னரே சோதித்திருந்தார். தூண்ட முடியுமானால், எதிர்த்திசையில், உடலின் குறிப்புகளைத் தொலைவிலிருந்து கேட்கவும் முடியுமல்லவா? வானொலி வழியே உடற்குறிப்புகளைப் பதிவு செய்வது பற்றி இருவரும் எழுதிய கட்டுரை 1949-இல் வெளிவந்தது.

அவர்கள் முதலில் கேட்க விரும்பியது மூளையை. ஆனால் மூளையின் மின்னலைகள் மிகவும் நலிந்தவை. இதயத்தினுடையவை அவற்றைவிடப் பன்மடங்கு வலியவை. இதய நோயால் மாண்டோரின் எண்ணிக்கையும் பெரிது. இந்த இரு காரணங்களால் அவருடைய கவனம் இதயத்தின் பக்கம் திரும்பியது. பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட்டும் அவருக்கு ஊக்கமளித்தார். 1955-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது மருத்துவம் பார்த்தவர் இந்த ஒயிட்டே.

முதல் கருவியை ஹோல்ட்டர் தாமே முதுகில் சுமந்தார். அதன் எடை 85 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 38 கிலோ. வால்வுகளும் மின்கலங்களும் அடங்கிய அம்மூட்டையைச் சுமந்தபடி நிலையான சைக்கிள் ஒன்றை அவர் மிதிக்கும் புகைப்படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அரிசி மூட்டை சுமப்பவரைப் போலக் காட்சியளிக்கும் அம்மனிதரின் இதயம், ஐன்தோவனின் மனிதரைப் போல, ஆனால் கம்பி ஏதுமின்றி, வானொலி அலைகளில் ஏறித் தன்னை அறிவித்துக்கொண்டிருந்தது. நோயாளி எவரும் அதைச் சுமக்க முடியாது என்பது கண்கூடு. செய்ய முடியும் என்று காட்டியதே அக்கட்டத்தின் பயன்.

1947 இறுதியில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் ஐம்பதுகளில் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. வானொலிப் பெட்டிகளை மேசையிலிருந்து சட்டைப்பைக்கு இறக்கிய அதே சிறுபொருள் ஹோல்ட்டரின் மூட்டையையும் கரைத்தது. வில்ஃபோர்ட் கிளாஸ்காக் என்ற தோழர் பல்லாண்டு காலம் அவருக்குத் துணையாயிருந்து கருவிகளை அமைத்தார். ஆய்வகம் பின்னர் ஹெலனாவின் பழைய இரயில் நிலையக் கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. பெரும் பல்கலைக்கழகங்களின் பளிங்குக் கூடங்களை நினைத்துப் பழகிய நமக்கு, இரயில் நின்றுபோன ஒரு நிலையத்தில் இவ்வளவும் நடந்தது வியப்பளிக்கிறது. ஆராய்ச்சி என்பது முன்கூட்டியே வரையறுத்த பயனை நோக்கி ஓட வேண்டியதில்லை, ஆவலின் வழியே செல்ல அதற்கு உரிமை வேண்டும் என்பது ஹோல்ட்டரின் உறுதியான கொள்கை. தம் குடும்பச் செல்வம் அக்கொள்கைக்கு இடமளித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏழை ஆய்வாளர் ஒருவருக்கு அந்த உரிமை எளிதில் வாய்ப்பதில்லை.

வானொலி முறையில் ஒரு குறை இருந்தது. நோயாளி அலைபரப்பின் எல்லைக்குள்ளேயே உலவ வேண்டும்; எல்லை கடந்தால் அவருடைய இதயம் காற்றில் மறைந்துவிடும். ஏற்பியைக் கைப்பெட்டி ஒன்றில் வைத்து அவரே எடுத்துச் செல்லுமாறு சிறிது காலம் செய்து பார்த்தனர். அப்புறம், உடலிலிருந்து கைப்பெட்டி வரை வானொலி எதற்கு என்ற கேள்வி தானே எழுந்தது. மின்முனைகளை நேரே ஒரு சிறு ஒலிநாடாப் பதிப்பானோடு இணைத்துவிட்டால் போதும். அங்ஙனம், வானொலிக்காகத் தொடங்கிய தேடல் வானொலியையே கழற்றி வைத்துவிட்டு நிறைவெய்தியது.

இனித்தான் உண்மையான இடர் வந்தது. ஒரு நாள் முழுவதும் பதிவு செய்த நாடாவை யார் பார்ப்பது? ஒரு இலட்சம் துடிப்புகளையும் காகிதத்தில் வரைந்தால் காகிதம் கிலோமீட்டர் கணக்கில் நீளும். ஒரு நாள் பதிவைப் படிக்க ஒரு நாள் வேண்டும் என்றால் எந்த மருத்துவரும் அதைத் தொடமாட்டார். இதற்கு ஹோல்ட்டர் குழுவினர் கண்ட தீர்வே, நம் எண்ணத்தில், அவர்களுடைய கண்டுபிடிப்புகளுள் தலைசிறந்தது. நாடாவை அறுபது மடங்கு விரைவில் ஓட்டினர். 24 மணி நேரம் 24 நிமிடங்களில் அடங்கியது. ஒவ்வொரு துடிப்பின் அலையும் முந்தைய அலையின் மேலேயே திரையில் வரையப்பட்டது. எல்லாத் துடிப்புகளும் ஒத்திருக்கும்வரை திரையில் ஒரே உருவம் அசையாமல் நிற்கும். ஒரு துடிப்பு மாறினால் அது மட்டும் தனியே துள்ளிக் கண்ணில் படும். அதோடு துடிப்புகள் ஒலியாகவும் மாற்றப்பட்டன. நிமிடத்திற்கு 70 முறை துடிக்கும் இதயம் அந்த வேகத்தில் வினாடிக்கு 70 முறை அதிர்கிறது. காதுக்கு அது ஆழ்ந்த ரீங்காரமாகக் கேட்கும். நோயாளி படியேறிய நேரத்தில் சுருதி உயரும். உறங்கிய நேரத்தில் தாழும். தாளம் தவறிய இடத்தில் கரகரக்கும். மனிதக் கண்ணும் காதும் ஒழுங்கினிடையே ஒழுங்கின்மையைக் கண்டுகொள்வதில் வல்லவை. கணிப்பொறி பரவாத அக்காலத்தில் அந்த இயற்கை ஆற்றலையே அவர்கள் கருவியின் உறுப்பாக்கிக்கொண்டனர். தம்பூராவின் சுருதி இழைந்து வருகையில் ஒரு தந்தி கலைந்தால் சட்டென்று நிமிரும் பாடகரை நாம் கண்டிருக்கிறோம். மருத்துவரும் அதுபோல் நிமிர்ந்தார்.

1961-இல் 'சயன்ஸ்' இதழில் ஹோல்ட்டரின் கட்டுரை வெளியாயிற்று. நடமாடும் மனிதரின் இதயத்தை நீண்ட நேரம் தொடர்ச்சியாகப் பதிவு செய்வது இனி நடைமுறையில் இயலும் என்று அது அறிவித்தது. புரூஸ் டெல் மார் என்ற கலிஃபோர்னியத் தொழிலதிபரின் நிறுவனம் அடுத்த ஆண்டு முதல் கருவியைத் தயாரித்து விற்கலாயிற்று. நோயாளியின் கையில் ஒரு குறிப்பேடும் கொடுக்கப்பட்டது: எத்தனை மணிக்கு என்ன செய்தீர், எப்போது படபடத்தது, எப்போது கண் இருண்டது என்று அவர் எழுத வேண்டும். நாடாவையும் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நோய் பிடிபடும். "மூன்று மணிக்கு மயக்கம்" என்று அவர் எழுதியிருக்க, அந்த மூன்று மணியில் இதயம் நான்கு வினாடி நின்றிருப்பதை நாடா காட்டலாம். அல்லது, படபடப்பு என்று எழுதிய நேரத்தில் தாளம் சற்றும் தவறவில்லை என்றும் காட்டலாம். இரண்டும் மருத்துவருக்குப் பயனுள்ள விடைகளே.

புதிய கருவி புதிய குழப்பத்தையும் கொண்டு வந்தது. நலமாயிருப்போரின் இதயமும் நாள் முழுவதும் கடிகாரம் போல் துடிப்பதில்லை. இடையிடையே முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் பலருக்கும் உண்டு என்று நாடாக்கள் காட்டின. மாரடைப்பிலிருந்து பிழைத்தோரிடம் அத்தகைய துடிப்புகள் மிகுந்திருந்தால் திடீர் மரணத்திற்கு வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிய வந்தது. அவ்வாறாயின் மருந்து கொடுத்து அத்துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று மருத்துவ உலகம் நம்பியது. நாடாவில் துடிப்புகள் குறைந்ததைக் கண்டு மகிழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் அம்மருந்துகளை உட்கொண்டனர். அந்நம்பிக்கையை முறைப்படி சோதிக்க அமெரிக்காவில் காஸ்ட் என்னும் ஆய்வு நடந்தது. என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்னும் இரு மருந்துகளுள் ஒன்றை உண்டவர்கள் 755 பேர். மருந்தில்லா மாத்திரை உண்டவர்கள் 743 பேர். 1991-இல் வெளியான கணக்கின்படி மருந்துண்டோருள் 63 பேர் இறந்தனர். மற்றவருள் 26 பேர். மருந்து நாடாவைத் தூய்மையாக்கியது, மனிதரைக் கொன்றது. ஆய்வுக் குழுவினர் 1989-இலேயே அம்மருந்துகளை நிறுத்திவிட்டு உலகுக்கு அறிவித்தனர். நல்லெண்ணத்தோடு மருந்தெழுதிய மருத்துவர்களின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கிறோம். அவர்கள் கண்ட வரைபடம் பொய் சொல்லவில்லை. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் தவறியது.

நார்மன் ஹோல்ட்டர் இம்முடிவைக் காணவில்லை. 1983 ஜூலையில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் நாடா மறைந்து மின்னணு நினைவகம் வந்தது. பெட்டி தீப்பெட்டி அளவாயிற்று. 24 மணி நேரமும் போதாத நோய்களுக்கு வேறு கருவிகள் பிறந்தன. அவற்றுள் முதன்மையானது இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் நோய். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர்கள் சொல்வது. 1909-இலேயே இலண்டனில் தாமஸ் லூயிஸ் அதை மின்வரைபடத்தில் அடையாளம் காட்டினார். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறைகிறது; உறைந்த கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். இந்நோய் உள்ளோருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. கொடுமை என்னவெனில், அது வந்து வந்து மறையும். பலருக்கு அறிகுறியே இராது. தோலுக்கடியில் வைக்கத்தக்க சிறு பதிவுக்கருவி இங்கே கைகொடுத்தது. காரணம் தெரியாமல் பக்கவாதம் கண்ட 441 பேரைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் அக்கருவி நூற்றுக்கு 12 பேரிடம் இந்நடுக்கத்தைக் கண்டுபிடித்தது. வழக்கமான முறையில் கண்டுபிடிக்கப்பட்டது நூற்றுக்கு இரண்டே பேரிடம்.

பின்னர் கைக்கடிகாரமே நாடி பார்க்கத் தொடங்கிற்று. தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வை அது அளக்கிறது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2019-இல் வெளிவந்த ஆப்பிள் கடிகார ஆய்வில், நாடி ஒழுங்கற்றது என்ற எச்சரிக்கை பெற்றோர் நூற்றுக்கு அரைப் பேர் அளவே. எச்சரிக்கைக்குப் பின் மார்பில் ஒட்டிய பதிவுப்பட்டையைத் திருப்பி அனுப்பியவர்களுள் மூன்றில் ஒருவரிடம் மேலறை நடுக்கம் காணப்பட்டது. ஏனையோருக்கு அந்நாட்களில் அது வெளிப்படவில்லை. இடைப்பட்ட நாட்களில் அவர்கள் அடைந்த அச்சத்தை எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லை.

டென்மார்க்கில் முதியோர் 6,004 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. தோலுக்கடியில் கருவி பொருத்தப்பட்டோரிடம் இந்நோய் மற்றவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது; இரத்தம் உறையாதிருக்க மருந்தும் பலருக்குக் கொடுக்கப்பட்டது. ஆயினும் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கருவி மட்டுமே கண்டறியும் குறுகிய நேர நடுக்கமும், மருத்துவர் விரல் வைத்து நாடியில் உணரும் நடுக்கமும் ஒரே அளவு ஆபத்தானவைதாமா என்ற கேள்வி அப்போது வலுத்தது. 2023-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் அதை ஆராய்ந்தன. ஒன்றில் மருந்தால் பயன் தெரியவில்லை, இரத்தக்கசிவு கூடிற்று. மற்றொன்றில் பக்கவாதம் குறைந்தது, ஆனால் அங்கும் இரத்தக்கசிவு கூடிற்று. ஆகவே, கருவி மட்டும் கண்ட சில நிமிட நடுக்கத்திற்கு மருந்து தொடங்குவதா என்பதை, நோயாளியின் வயதையும், முன்பு பக்கவாதம் வந்ததுண்டா என்பதையும், இரத்தக்கசிவுக்கு இடமுண்டா என்பதையும் கேட்டறிந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மருத்துவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.